ஆளாக்குதல்: ஒரு சொல்லும் அதன் பொருள்களும்



கலியாண வீட்டில் ஒரு தகப்பனார் கண் கலங்க நின்று, "சாமி, இவனைப் படாத பாடு பட்டு ஆளாக்கினேன்" என்று சொல்லுகிறார். அதே தெருவில் வேறொரு வீட்டில் ஒரு தாயார், "பெற்ற பிள்ளையே எங்களை இந்த அவமானத்துக்கு ஆளாக்கிவிட்டானே" என்று தலையில் அடித்துக்கொள்ளுகிறாள். இருவர் வாயிலும் வந்த சொல் ஒன்றுதான். ஒருவருக்கு அது பெருமை. மற்றவருக்கு அது வேதனை. ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் உதவுகிறது என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா?

இந்த வாரப் பாடத்துக்கு அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுவோம். இது வெறும் இலக்கணப் பாடம் என்று எண்ணி இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் நாள்தோறும் வாயில் வழங்கும் சொல்லுக்குள் நம் ஞானோபதேசத்தின் பெரிய சத்தியம் ஒன்று அடங்கியிருக்கிறது. நம் வீட்டு நடத்தையைச் சோதித்துப் பார்க்கவும் அது உதவும்.

1. சொல்லின் அமைப்பு

‘ஆள்’ என்பது பெயர்ச்சொல். அதனோடு ‘ஆகு’ என்பது சேர்ந்தால் ‘ஆளாகு’. அதாவது தானே ஆளாவது. ‘ஆக்கு’ என்பது சேர்ந்தால் ‘ஆளாக்கு’. அதாவது மற்றொருவரை ஆளாகும்படி செய்வது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

இந்த ‘ஆளாக்கு’ என்னும் வினைக்கு மூன்று வழக்குகள் உண்டு.

முதலாவது, மனிதனாக்குவது. "வளர்த்து ஆளாக்கினார்" என்கிறோம். இங்கே இரண்டு வினைகள் சேர்ந்து நிற்பதைக் கவனியுங்கள். கன்றுக்குட்டியை வளர்க்கிறோம், தென்னம்பிள்ளையை வளர்க்கிறோம். ஆனால் "கன்றை வளர்த்து ஆளாக்கினேன்" என்று யாரும் சொல்லுவதில்லை. வளர்ப்பது தீனியாலும் தண்ணீராலும் முடியும். ஆளாக்குவதற்கு அதற்கு மேலான ஒன்று வேண்டும். நன்மை தின்மை அறியும் புத்தி, கைத்தொழில், பேச்சில் ஒழுங்கு, பிறர்பால் இரக்கம், தேவபயம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்தால்தான் பிள்ளை ஆளாகிறான். மனிதனுக்குரிய குணங்களை ஒருவனுக்குள் விளையச் செய்வது என்பதே இவ்வினையின் முதற்பொருள்.

இரண்டாவது வழக்கு இதற்கு நேர்மாறானது. "கடனுக்கு ஆளாக்கினான்", "ஏச்சுக்கு ஆளாக்கினான்", "தண்டனைக்கு ஆளாக்கினான்" என்கிறோம். இங்கே ஆள் என்பவன் ஒரு துன்பத்தின் கையில் அகப்பட்டவன். இரண்டு வழக்குகளுக்கும் வாக்கியத்தில் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. "மகனை ஆளாக்கினார்" என்றால் வாழ்வு. "மகனை அவமானத்துக்கு ஆளாக்கினார்" என்றால் தாழ்வு. நடுவிலே ‘கு’ என்னும் நாலாம் வேற்றுமை உருபு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு மனிதனுக்கு முன்னால் நாம் எதைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதை அந்தச் சிறிய உருபு காட்டிவிடுகிறது.

மூன்றாவது, ஊழியனாக்குவது. ‘வேலையாள்’, ‘பண்ணையாள்’ என்று சொல்லும்போது ஆள் என்பதற்கு ஊழியன் என்று பொருள். ஒருவரைத் தமக்கு உரியவராக ஏற்றுக்கொள்ளுவதை ‘ஆட்கொள்ளுதல்’ என்று தமிழர் பக்தி மொழியிலே வழங்குவர். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஆள்’ என்பதையே வினையாக வழங்கினால் அரசு செலுத்துதல் என்று அர்த்தமாகும். நாம் ஜெபத்தில் சொல்லும் ‘ஆண்டவர்’ என்ற சொல் அந்த வினையிலிருந்து வந்ததே. ஆளுகிறவருக்கும் ஆள் என்ற ஓசை. ஏவல் செய்கிறவனுக்கும் ஆள் என்ற ஓசை. இதை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

2. மனிதரல்லாததை மனிதராக்கிப் பேசுவது

மனித குணங்களை மனிதருக்கு மட்டுமா கொடுக்கிறோம்? மாட்டுக்கும் மரத்துக்கும் மலைக்கும் கூடக் கொடுக்கிறோம். வீட்டுப் பசுவைக் கண்டு, "என் அம்மை வந்தாள்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு.

தமிழ் இலக்கணம் உலகப் பொருள்களையெல்லாம் உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பிரிக்கிறது. மக்கள் உயர்திணை, விலங்கும் மரமும் கல்லும் அஃறிணை. பசுவை "வந்தாள்" என்பது திணை தப்பிய பேச்சு. ஆயினும் 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதைப் பிழை என்று தள்ளவில்லை. மகிழ்ச்சியினாலும், உயர்த்திச் சொல்லுவதனாலும், சிறப்பினாலும், கோபத்தினாலும், இழிவினாலும் மக்கள் திணையும் பாலும் மாற்றிப் பேசுவது இயல்பே என்று அவர் ஒத்துக்கொள்ளுகிறார். இந்த ஐந்து காரணங்களையும் நன்றாகக் கவனியுங்கள். முதல் மூன்றும் அன்பினாலும் மதிப்பினாலும் வருவன. கடைசி இரண்டும் பகையினாலும் இகழ்ச்சியினாலும் வருவன. திணை மாறுவது ஒன்றே. அதை மாற்றுகிற இருதயம் வேறு.

புலவர்கள் இவ்வழக்கத்தை அணியாக்கினார்கள். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, கோட்டைமேல் காற்றில் அசைந்த கொடிகள் ‘வரவேண்டாம்’ என்று கை காட்டுவதுபோல இருந்தன என்று சிலப்பதிகாரம் பாடுகிறது. தற்குறிப்பேற்ற அணிக்கு ஆசிரியர்கள் இன்றும் காட்டும் உதாரணம் இதுவே. கொடிக்குக் கை இல்லை, வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறவன் நெஞ்சு பதறுகிறது.

வேதாகமத்திலும் இது நிறைய உண்டு. நியாயாதிபதிகள் ஆகமம் 9-ஆம் அதிகாரத்தில் மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடிப் புறப்படுகின்றன. ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சைக் கொடியும் தங்கள் கனியையும் இனிமையையும் விட்டுவர மனமில்லாமல் மறுத்துவிடுகின்றன. கடைசியில் முட்செடி முன்வருகிறது. பழமொழிகள் ஆகமத்தில் ஞானம் ஒரு ஸ்திரீயைப்போல வீடு கட்டி, பந்தி ஆயத்தம் செய்து, வழியில் போகிறவர்களை அழைக்கிறாள். ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து சர்வேசுரனை நோக்கிக் கூப்பிடுகிறது.

இவற்றுள் மிக அழகானது 113-ஆம் சங்கீதம். இன்றைய வேதாகமப் பதிப்புகளில் இது 114, 115 என இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அதன் முதற்பகுதியில் கடல் கண்டு ஓடுகிறது. யோர்தான் திரும்பிப் பாய்கிறது. மலைகள் ஆட்டுக்கடாக்களைப்போலத் துள்ளுகின்றன. கடலுக்குக் கண்ணும் காலும் கொடுத்த அதே சங்கீதம், பிற்பகுதியில் கை வேலையான விக்கிரகங்களைப் பார்த்து, அவற்றுக்கு வாய் இருந்தும் பேசா, கண் இருந்தும் காணா, காது இருந்தும் கேளா என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுகிறது. கவியாகச் சொல்லுவது வேறு, மெய்யென்று நம்பி வணங்குவது வேறு என்று அச்சங்கீதமே கோடு கிழித்துவிடுகிறது. அதோடு அது நிற்கவில்லை. அவற்றைச் செய்கிறவர்களும் அவற்றை நம்புகிறவர்களும் அவற்றைப்போலவே ஆவார்கள் என்றும் எச்சரிக்கிறது. உயிரற்றதை ஆளாக்கி நம்புகிறவன், தான் ஆளாயிருப்பதை இழந்து கல்லாகிறான் என்பதே இதன் கருத்து.

இந்த எச்சரிக்கை நம் நாளுக்கும் பொருந்தும். கைபேசிக்குள்ளிருந்து ஒரு குரல் வழி சொல்லுகிறது; "அவள் இடது பக்கம் திரும்பச் சொல்லுகிறாள்" என்கிறோம். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதித் தருகிற இயந்திரங்களும் வந்துவிட்டன. தனிமையில் இருக்கும் பிள்ளைகள் அவற்றோடு மனம் விட்டுப் பேசுகிறார்கள். 2025 ஜனவரி மாதத்தில் உரோமையில் உள்ள இரண்டு திருச்சபை அலுவலகங்கள் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அத்தகைய இயந்திரத்தை ஆளென்று பிறர் நம்பும்படி காட்டுவது எப்போதும் தவிர்க்கப்பட வேண்டும், ஏமாற்றுவதற்காக அப்படிச் செய்வது கனமான குற்றம் என்று அது போதிக்கிறது. இயந்திரத்தை உபயோகிப்பதில் பாவமில்லை. நம் துக்கத்தைக் கேட்டு அழக்கூடிய ஓர் ஆள் அங்கே இருப்பதாக எண்ணிக்கொண்டு, அடுத்த அறையில் இருக்கும் தாயாரிடம் பேசாமல் இருப்பதுதான் பரிதாபம்.

3. ஆளை ஆளல்லாததாக்குவது

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். கைபேசிக் குரல் "அவள்" ஆகிறது. வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் என்ன ஆகிறாள்? "அது இன்னும் வரலை" என்கிறோம். படுக்கையில் கிடக்கும் வயோதிகரை, "அது ராத்திரியெல்லாம் தூங்கவிடலை" என்கிறோம். குழந்தையைக்கூட ‘அது’ என்கிறோமே என்று கேட்பீர்கள். மெய்தான். "குழந்தை சிரித்தது" என்பதே தமிழ் மரபு. அது செல்லத்தினால் வந்த ‘அது’. கிழவரைச் சொல்லும் ‘அது’ செல்லத்தினால் வந்ததா, சலிப்பினால் வந்ததா? பவணந்தியார் சொன்ன ஐந்து காரணங்களில் உங்கள் ‘அது’ எதில் சேரும் என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுப்பார்க்கட்டும்.

பிறரைக் குற்றம் சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் இருந்த ஒரு பங்கில், சாவு விழுந்த போதெல்லாம் உபதேசியாரிடம், "குழி வெட்ட ஆள் வந்துவிட்டதா?" என்று கேட்பேன். "வந்துவிட்டது, சாமி" என்பார். மூன்று வருஷமாக இப்படி நடந்தது. ஒரு நாள் நடுத்தர வயதுள்ள ஒருவர் தம் மகளின் கலியாணத்துக்கு ஓலை எழுதிவைக்க வந்தார். புத்தகத்தைத் திறந்து, "தகப்பன் பெயர்?" என்று கேட்டேன். அவர் தம் பெயரைச் சொல்லிவிட்டு, "சாமிக்கு என்னைத் தெரியுமே, குழி வெட்டுகிறவன்தான்" என்றார். மூன்று வருஷம் கல்லறைத் தோட்டத்தில் எனக்கு எதிரே மண்வெட்டியோடு நின்றவர். மந்தரித்த தண்ணீர்ச் செம்பை என் கையில் எடுத்துக் கொடுத்தவர். அவர் பெயரை நான் கேட்டது அன்றுதான். "ஆள் வந்துவிட்டதா" என்று நான் கேட்ட கேள்வியில் அஃறிணை வினை ஒட்டியிருந்ததை அன்றுதான் உணர்ந்தேன். இலக்கணப்படி அதில் பிழை இல்லாமல் இருக்கலாம். என் மனதில் பிழை இருந்தது.

இந்தப் பிழை தனி மனிதரோடு நிற்பதில்லை. கூட்டத்தையும் தேசத்தையும் பிடிக்கும். அமெரிக்கக் கண்டத்துப் பூர்வ குடிகளை மாடுகளைப்போல வேலை வாங்கிய ஸ்பானியர் சிலர், அவர்கள் முழு மனிதர்தானா என்றுகூடத் தர்க்கம் பண்ணினார்கள். 1537-ஆம் வருஷம் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர், அவர்கள் மெய்யான மனிதர் என்றும், அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லாதபோதிலும் அவர்கள் சுதந்தரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்றும் சாசனம் விடுத்தார். மனிதனை மனிதன் என்று எழுதிச் சொல்ல ஒரு சாசனம் வேண்டியிருந்தது!

அமெரிக்கா தூரம், நம் ஊருக்கு வாருங்கள். அர்ச். தேவசகாயம் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். எல்லாச் சாதியாரோடும் வித்தியாசமின்றிப் பழகினார். அதுவும் அவர்மேல் பகை மூள ஒரு காரணமாயிற்று. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக நடத்தி அவரை நகைப்புக்கு ஆளாக்கினார்கள். அடிக்கும் சிறைக்கும் ஆளாக்கினார்கள். கடைசியாக 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டிலே சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் 15-ஆம் நாள் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தது. அவரை நகைப்புக்கு ஆளாக்கியவர்களின் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்?

ஆனால் அதே வடக்கன்குளத்துக் கோவிலிலே, சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்திய தடுப்புச் சுவர் பிற்காலத்தில் இருந்ததும், அது 1910-இல் இடிக்கப்பட்டதும், அதன்மேல் வழக்கு எழுந்து சென்னை உயர்நீதிமன்றம் வரை போனதும் சரித்திரம். வேதசாட்சி ஞானஸ்நானம் பெற்ற மண்ணிலேயே இது நடந்தது என்றால், நாம் யார் பெருமை பாராட்ட? நம் ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் தேர் வடத்திலும் மனிதரைத் தரம் பிரிக்கும் மனம் முழுவதும் செத்துவிட்டது என்று மார்தட்டிச் சொல்ல முடியுமா? தன் தகப்பன் வயதுள்ளவரைச் சாதி பார்த்து "வாடா, போடா" என்கிற சிறுவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தான்? அவன் வீட்டில்தான் படித்தான்.

4. ஞானோபதேசம் சொல்லும் ஆள்

இப்போது சொல்லின் மூலத்துக்கு வருவோம். நம் முன்னோர் மனப்பாடம் செய்த சின்னக் குறிப்பிடத்தில் ‘ஆள்’ என்ற சொல் எங்கே வருகிறது? தம திரித்துவத்தைப் பற்றிய பாடத்தில் வருகிறது. பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்னும் மூவரையும் மூன்று ஆட்கள் என்றும், ஆள் மூன்றானாலும் சர்வேசுரன் ஒருவரே என்றும் படித்தோம். கூலிக்கு நிற்கிறவனைக் குறிக்க நாம் எந்தச் சொல்லை வழங்குகிறோமோ, அதே சொல்லைத்தான் நமக்கு வேதம் கற்பித்தவர்கள் பரம திரித்துவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இதற்குமேல் அந்தச் சொல்லுக்கு என்ன மகிமை வேண்டும்?

அடுத்து, சேசுநாதர் சுவாமியைப் பற்றிய பாடம். அவரிடத்தில் தேவ சுபாவம், மனுஷ சுபாவம் என்று இரண்டு சுபாவம் உண்டு. ஆனால் ஆள் ஒருவரே. 451-இல் கூடிய கல்செதோன் பொதுச் சங்கம் இந்தச் சத்தியத்தை வரையறுத்துக் கூறியது. ஆகவே, சுதனாகிய சர்வேசுரன் பெத்லெகேமில் புதிதாக ஆளானார் என்று சொல்லக் கூடாது. அவர் அநாதியாய் ஆளாயிருக்கிறவர். அவர் புதிதாக எடுத்துக்கொண்டது மனுஷ சுபாவத்தையே. நம் பசியையும் நம் களைப்பையும் நம் கண்ணீரையும் மெய்யாகவே எடுத்துக்கொண்டார்.

இங்கே புலவரின் அணிக்கும் நம் விசுவாசத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வேதாகமம் சர்வேசுரனுடைய கரம் என்றும் கண் என்றும் பேசும்போது, அரூபியாகிய அவரை நாம் விளங்கிக்கொள்ளும்படி மனித பாஷையில் பேசுகிறது. ஆனால் மாட்டுத் தொழுவத்தில் தேவமாதா தாங்கிய கரம் அணியன்று, உவமையன்று. அது ஆணி அடிக்கக் கூடிய கரம். நாம் சர்வேசுரனுக்கு மனித குணங்களைக் கற்பித்தது போக, அவரே மனிதனானார். விசுவாசப் பிரமாணத்தில் அந்த இடத்தைச் சொல்லும்போது முன்காலத்தில் எல்லோரும் முழங்காலிட்டோம். இன்று தலைவணங்குகிறோம், கர்த்தர் பிறந்த திருநாளிலும் மங்களவார்த்தைத் திருநாளிலும் மட்டும் முழங்காலிடுகிறோம். அடுத்த ஞாயிறு அந்த இடம் வரும்போது சும்மா குனியாமல், எதற்காகக் குனிகிறோம் என்று நினைத்துக் குனியுங்கள்.

அர்ச். சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் 2-ஆம் அதிகாரத்தில், அவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபம் எடுத்தார் என்கிறார். நான் முன்னே நினைவில் வைக்கச் சொன்னதை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுகிறவராகிய ஆண்டவர் ஏவலாள் ஆனார். சீஷர்களின் காலைக் கழுவினார். பின்பு நம்மைப் பாவத்தினின்று மீட்கும்படி, அடிக்கும் முள்முடிக்கும் சிலுவைக்கும் ஆளானார். ஆக, நாம் படித்த மூன்று வழக்குகளும் அவர் சரித்திரத்தில் சந்திக்கின்றன.

போஞ்சு பிலாத்து அவரைக் கசையடிக்கு ஆளாக்கினான். அவருக்கு ராஜ வேஷம் போட்டுச் சேவகர் நகைத்தார்கள். அந்தக் கோலத்திலே வெளியே கொண்டுவந்து, இதோ இந்த மனிதன் என்று ஜனங்களுக்குக் காட்டினான் என அர்ச். அருளப்பர் எழுதுகிறார். பிலாத்து இகழ்ச்சியாகவோ இரக்கமாகவோ சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வாயறியாமல் மெய்யையே சொன்னான். மனிதன் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டுமானால் அவரைப் பார்க்க வேண்டும். எவ்வளவு அடித்தாலும், துப்பினாலும், அவர் ஆளாயிருப்பதை அவர்களால் எடுத்துவிட முடியவில்லை.

5. நாம் செய்யக் கூடியதும் கூடாததும்

இதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது. ஒருவரை ஆளாக்குவது அடிப்படையில் நம் வேலையன்று. ஆளாயிருப்பது சர்வேசுரன் தந்தது. தாயின் உதரத்தில் உருவான நாளிலேயே தந்தது. சம்பளமும் படிப்பும் நிறமும் சாதியும் அதைக் கூட்டவும் மாட்டா, குறைக்கவும் மாட்டா. புத்தி குறைந்த பிள்ளையும் ஆளே. நினைவு தப்பிய பாட்டியும் ஆளே. அப்படியானால் ‘ஆளாக்கினேன்’ என்று சொல்லுவது தப்பா? தப்பில்லை. சர்வேசுரன் விதைத்ததை நாம் தண்ணீர் வார்த்து முளைக்கச் செய்கிறோம். விதை நம்முடையதன்று என்ற நினைவு இருந்தால் போதும்.

அந்த நினைவு தப்பும்போது, முதல் வழக்கு எவ்வளவு சீக்கிரத்தில் இரண்டாம் வழக்காக மாறிவிடுகிறது! "நான் உன்னை ஆளாக்கினேன்; ஆகையால் நான் சொல்லுகிற படிப்பைத்தான் படிக்க வேண்டும், நான் காட்டுகிற பெண்ணைத்தான் கட்ட வேண்டும்" என்று சொல்லும் தகப்பன், மகனை மூன்றாம் வழக்கின்படி தனக்கு ஏவலாளாக்கிக்கொள்ளுகிறான். பரீட்சையில் தோற்ற பிள்ளையை உறவினர் நடுவே வைத்து வாட்டுகிற தாய், ஆளாக்க எண்ணி ஏச்சுக்கு ஆளாக்குகிறாள். மறுபுறம், பிள்ளைகளும் கேளுங்கள். உங்களை ஆளாக்கியவர்கள் முதிர்ந்து படுக்கையில் விழும்போது, அவர்களை ‘அது’ ஆக்கிவிடாதீர்கள்.

அர்ச். சின்னப்பர் பிலமோனுக்கு எழுதிய சிறிய நிருபத்தை இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள். ஒரே அதிகாரந்தான், இரவு ஜெபத்துக்குப் பின் வாசித்து முடித்துவிடலாம். எஜமானைப் பிரிந்து வந்த ஒனேசிமுஸ் என்னும் அடிமையைச் சின்னப்பர் திருப்பி அனுப்புகிறார். ஒனேசிமுஸ் என்றால் பிரயோசனமுள்ளவன் என்று அர்த்தம். பிரயோசனத்தைக் கொண்டு மட்டுமே மதிக்கப்பட்ட ஒருவனுக்கு வாய்த்த பெயர் அது. சின்னப்பர் அவனைத் தாம் சிறையிருப்பில் பெற்ற பிள்ளை என்கிறார். அடிமையாக அன்று, பிரிய சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். அவன் பட்ட கடன் ஏதும் இருந்தால் தம் கணக்கில் எழுதச் சொல்லுகிறார். ஏவலாள் என்னும் ஆளைச் சகோதரன் என்னும் ஆளாகக் காண்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கடனை நாம் ஏற்காமல் ஒருவனைச் சகோதரன் என்று வாயால் மட்டும் அழைப்பது போதாது என்பதையும் அது காட்டுகிறது.

இந்த வாரம் குடும்பத்தில் செய்ய வேண்டியவை:

1. உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ தோட்டத்துக்கோ வேலைக்கு வருகிறவரின் பெயரும், அவர் பிள்ளைகளின் பெயரும் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கேட்டு அறிந்து, அந்தப் பெயராலே அழையுங்கள். வயதில் மூத்தவரானால் உறவுமுறை சொல்லி அழையுங்கள். குழந்தைகளும் அப்படியே அழைக்கட்டும்.

2. வீட்டில் உள்ள வயோதிகரையும் நோயாளியையும் பற்றி அவர்கள் காதில் விழாதபோதும் "அவர்" என்றே பேசுங்கள்.

3. யாராவது மரித்தால், "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், பெயரைச் சொல்லி ஆத்துமத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள். இஸ்பிரீத்து சாந்துவின் ஆலயமாயிருந்த சரீரம் என்பதால்தான் திருச்சபை அதற்குத் தூபம் காட்டித் தீர்த்தம் தெளிக்கிறது.

4. பிள்ளையைக் கண்டிக்குமுன், ‘இப்போது நான் சொல்லப்போகிறது இவனை ஆளாக்குமா, எதற்காவது ஆளாக்குமா?’ என்று ஒரு கணம் யோசியுங்கள். நடுவில் ஒரு ‘கு’ வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேள்விகள்:

அ) ‘ஆளாகு’, ‘ஆளாக்கு’ இவற்றின் வித்தியாசம் என்ன?

ஆ) 113-ஆம் சங்கீதத்தில் மனிதரைப்போல நடப்பதாகச் சொல்லப்படுபவை எவை? பேச மாட்டாதவை எவை?

இ) சேசுநாதரிடத்தில் சுபாவம் எத்தனை, ஆள் எத்தனை?

ஈ) உன் வீட்டுக்குப் பால் கொண்டுவருகிறவரின் பெயர் என்ன?

நான்காம் கேள்விக்குப் புத்தகத்தில் விடை கிடையாது. போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும். வருகிற ஞாயிறு பூசைக்குப் பின் விடைகளைக் கொண்டுவாருங்கள்.

அநாதியாய் ஆளாயிருந்தும் நமக்காக மனிதனான சேசுநாதர் உங்களையும் உங்கள் வீட்டாரையும், உங்கள் வாசலில் வேலைக்கு நிற்கிற ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி